ஆட்சேபணை இல்லை

ஜெனீவாவில் மூன்றாம் மாடி.
ஏரிப் பக்கத்து ஜன்னல் திறக்காது.
செயற்கைக்கோள் வலையமைப்புகளை நிர்வகிக்க
உலகம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பு:
ஆறாவது ஆண்டு, இருபத்திரண்டாவது அமர்வு.
நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்.
பேசியதை எழுதுவேன், இருமலை எழுதமாட்டேன்.

காலை முழுக்க ஒரு எண்ணில் போயிற்று.
ஒரு நிறுவனத்தின் பெட்டியில் ஒன்று என்றால் ஆபத்து.
இன்னொன்றில் ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
மூன்றாமவர் எண்ணே வைக்கவில்லை,
செம்மஞ்சளில் இரண்டு வகை வைத்திருக்கிறார்,
வித்தியாசம் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது.
மூன்றும் ஒரே நிலையத்தில் ஓடுகின்றன என்றார் யாரோ,
இரவுப் பணியாள் சுவரில் சீட்டு ஒட்டி
ஒவ்வொரு அலறலையும் மொழிபெயர்த்துக்கொள்கிறாராம்.
ஏழு படிநிலைகள் என்று முடிந்தபோது
சூப் ஆறியிருந்தது.

உருப்படி பதினொன்று.
மையக் கணினி ஒரு நிலையத்தை அழைத்து
எவ்வளவு நேரம் பதில் வராவிட்டால்
அது செத்துவிட்டது என்று குறிக்கலாம்?
வரைவில் இருந்தது நானூறு மில்லி விநாடி.
தரையில் கம்பிவடத்துக்கு எழுதிய எண்.
யாரும் தொடாமல் வானம்வரை வந்திருந்தது.

தலைவர் ஓட்டோகர் லூஷர் கண்ணாடியைத் துடைத்தார்.
"ஆட்சேபணை உண்டா?"
ஒரு நெடில் சொல்லும் நேரம் பார்த்தார்.
மௌனம் சம்மதம்.
சுத்தியல் விழுந்தது.
எழுதினேன்: ஆட்சேபணை இல்லை.

அதன் பிறகுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.
"உண்டு."

திரையின் கீழ்க்கோடிக் கட்டத்தில் யஸ்னா குஸ்மானிச்.
மகெல்லன் நீரிணைக்குத் தெற்கே
கம்பிவடம் எட்டாத ஒரு தீவு,
காதுவரை கம்பளி,
பின்னால் காற்றில் அதிரும் தகரம்.
எங்கள் கேள்வி முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்
ஏறி இறங்கி அவளிடம் போய்,
அவள் பதில் அதே தூரம் ஏறி இறங்கி வருவதற்குள்
நாங்கள் ஒருமனதாகியிருந்தோம்.

"ஜூலையில் சாந்தியாகோ புது மென்பொருள் போட்டது.
இதே எண்.
ஒரே இரவில் நூற்றுப் பதினேழு முறை
என் நிலையம் செத்துப்போனது.
நான் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.
சாகும்போதெல்லாம் இணைப்பைத் துண்டித்து
முதலிலிருந்து தொடங்கும்.
நண்டுப் படகில் நொல்பெர்த்தோ,
வின்ச்சில் சிக்கிய கையைத் துணியில் சுற்றிக்கொண்டு
மருத்துவரிடம் கட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
'தளர்த்த' வரைதான் வந்தது.
தளர்த்தவும் என்றா,
தளர்த்தக்கூடாது என்றா?
இப்போது அவருக்கு எட்டு விரல்.
கணினியின் பதிவேட்டில்
எல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது."

தகரம் அடித்துக்கொண்டது.
பின்லாந்துப் பிரதிநிதி பிர்க்கோ கேட்டார்:
"கூடுதலாகக் காத்திருந்தால்
உண்மையிலேயே செத்ததைக்
கண்டுபிடிக்கத் தாமதமாகுமே?"
நியாயமான கேள்வி.
இந்த முறை காத்திருந்தோம்.
யாரும் பேனாவைக்கூட உருட்டவில்லை.
குளிரூட்டி ஒரு முறை நின்று மறுபடி ஓடியது.

"ஆகும்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

விழுந்த சுத்தியலைத் தூக்க விதியில் வழியில்லை.
லூஷர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார், மூடினார்,
நானூறைச் சதுர அடைப்புக்குள் போடச் சொன்னார்.
எங்கள் வழக்கில் அதற்கு
இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.
அடுத்த அமர்வு மார்ச்சில்.

எழுதிய வரியை அடிக்க எனக்கு அனுமதி இல்லை.
"ஆட்சேபணை இல்லை" 15:42:07.
"உண்டு" 15:42:08.
இரண்டுக்கும் நடுவே
ஒரு வரி அளவு வெள்ளைத்தாள் விட்டேன்,
தட்டச்சுப் பிரிவு அதை ஒட்டிவிடாமல் இருக்க வேண்டும்.

எல்லோரும் நாற்காலியை நகர்த்தி எழுந்தபோது
திரையில் அவள் கை உயர்ந்தது.
நானும் உயர்த்தினேன்.
கட்டம் அணைந்துவிட்டது.
என் கை மேலே போய்க்கொண்டிருக்கும்.